ஆடும் நாற்காலி: துளை, கழுந்து, பசை

சாதாரண நாற்காலி நின்ற இடத்தில் நிற்கும். ஆடும் நாற்காலியோ உட்கார்ந்தவரின் எடையை முன்காலுக்கும் பின்காலுக்கும் ஓயாமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆணி அடித்துச் சேர்த்தால் கொஞ்ச நாளிலேயே முனகத் தொடங்கிவிடும். ஆகவே காலில் துளை, கால்களை இணைக்கும் சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் கழுந்து, இரண்டுக்கும் நடுவே பசை என்ற பழைய முறைக்கே போவோம்.

இங்கே கால் ஒன்றரை அங்குலச் சதுரம், சட்டம் ஒரு அங்குலக் கனம். மரம் நன்றாகக் காய்ந்த தேக்கு. ஆசாரிகளின் கணக்கிலேயே சொல்கிறேன்: 1 அங்குலம் என்பது 8 நூல்.

1. முதலில் துளை

கழுந்தின் கனம் சட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். நமக்கு 3 நூல். துளையை முதலில் வெட்டுங்கள். உளியின் அகலம்தான் துளையின் அகலம், அதை மாற்ற முடியாது. கழுந்தைப் பிறகு சீவிக்கொள்ளலாம்.

நடுவிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இரு ஓரங்களுக்கும் நகருங்கள். ஆழம் 1 அங்குலம். உளி நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்சட்டமும் பக்கச் சட்டமும் ஒரே காலில் ஒரே உயரத்தில் சேருமிடத்தில் துளைகள் உள்ளே முட்டிக்கொள்ளும். அங்கே கழுந்து முனைகளை 45 பாகையில் சாய்த்து வெட்டினால் போதும்.

2. கழுந்தும் அதன் தோளும்

கழுந்து துளையின் ஆழத்தைவிட அரை நூல் குறைவாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் மிஞ்சிய பசை தங்கும்.

கழுந்தின் அடியில் படியாக நிற்கும் தோள்தான் முக்கியம். காலோடு அது நெருங்கி அமராவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூட்டு அசையும். தோள்கோட்டைப் பென்சிலால் போடாதீர்கள், கத்தியால் கீறுங்கள். கீறலை ஒட்டி, கழிவுப் பக்கம் உளியால் மெல்லிய பள்ளம் எடுத்தால் ரம்பம் அதிலேயே ஓடும்.

இருக்கை முன்னால் அகன்றும் பின்னால் குறுகியும் இருப்பதால், பக்கச் சட்டங்களின் தோள் 90 பாகையில் வராது. ஒட்டுப்பலகையில் நாற்காலியை முழு அளவில் வரைந்து, கோணத்தை அதிலிருந்தே எடுங்கள். மனக்கணக்கு இங்கே உதவாது.

கழுந்து கையழுத்தத்தில் நுழைய வேண்டும். கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்ட வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். பசை முழுவதும் வழிந்து வெளியே வந்துவிடும். தளர்ந்துபோனால் அதே மரத்தின் மெல்லிய சீவலைக் கழுந்தில் ஒட்டி மறுபடி சீவுங்கள்.

3. பசையில்லாமல் ஒரு முறை

முழு நாற்காலியையும் பசையில்லாமல் பூட்டிப் பாருங்கள். என் முதல் நாற்காலியில் இதைச் செய்யாமல், மே மாத நடுப்பகலில் பசையோடு இறங்கினேன். மூன்றாவது மூட்டு பாதியில் நின்றது. வெயிலில் பசை இறுகிக்கொண்டே வர, பதற்றத்தில் ஓங்கி அடித்தேன். கால் நெடுகப் பிளந்தது.

4. பசை

தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. தின்னர் நனைத்த துணியால் கழுந்தைத் துடைத்து, காய்ந்தவுடன் பசை தடவுங்கள். சாதாரண வெள்ளை மரப்பசையே போதும். துளையின் சுவர்களிலும் கழுந்தின் இரு அகன்ற முகங்களிலும் தூரிகையால் மெல்லிய பூச்சு. அடியில் கொட்டாதீர்கள்.

முதல் நாள் இரு பக்கச் சட்டகங்களை மட்டும் ஒட்டி, வரைபடத்தின் மீது கிடத்திச் சரிபாருங்கள். மறுநாள் குறுக்குச் சட்டங்கள். இருக்கையின் இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக இருந்தால் கோணல் இல்லை.

கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே குச்சியைச் செருகி முறுக்குங்கள். மரத்தில் தடம் விழாதபடி அடியில் துணி வையுங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் தேய்த்தால் மரத்தின் துளைகளுக்குள் ஏறி, வார்னிஷ் அடிக்கும்போது வெள்ளைத் திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் பொறுத்தால் ரப்பர் போலாகும், உளியால் வழித்துவிடுங்கள்.

5. வளைகட்டைகள்

கால்களின் அடியில் நின்று தரையில் ஆடும் வளைந்த கட்டைகள் இவை. இவற்றைக் கடைசியில் பூட்டுங்கள். காலின் அடித்தோள் வளைவோடு பொருந்த வேண்டும். வளைகட்டையைக் காலின் பக்கவாட்டில் வைத்து, அந்த வளைவையே காலில் கீறிக்கொள்ளுங்கள். பசையின்றிப் பூட்டி, சமதரையில் வெறும் நாற்காலியை ஆட்டிவிடுங்கள். நேராகப் போய்த் திரும்பினால் ஒட்டலாம். ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் இரு கட்டைகளின் வளைவும் ஒன்றுபோல் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழைத்துச் சமமாக்குங்கள். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் யாரையும் உட்கார விடாதீர்கள்.