இரவில் நின்ற பிக்கப்பில் பேட்டரி இறங்கினால் கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

பொள்ளாச்சிப் பக்கம் இளநீர் ஏற்றும் பிக்கப் வண்டிகள் விடியற்காலை 4 மணிக்கே தோப்புக்குள் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பும்போது செல்ப் எடுக்காமல் "டக்" என்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிட்டால், காய் வெட்டும் ஆட்களை இறக்கி வண்டியைத் தள்ளச் சொல்ல வேண்டியதாகிறது. முந்தைய நாள் மாலை வரை ஒழுங்காக ஓடிய வண்டி இப்படி நின்றால் நம்மில் பலர் உடனே புதிய பேட்டரி வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இரண்டு பேட்டரிகளை மாற்றினேன்; கழற்றிப்போட்ட இரண்டிலும் குற்றம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், 10 நம்பர் ஸ்பேனரும், ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் இந்தக் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரியையே சோதிக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, 12.0-க்குக் கீழே போனால் பெரும்பகுதி இறங்கிவிட்டது என்று பொருள். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். அது வராவிட்டால் கோளாறு இரவில் இல்லை, பகலில் சார்ஜ் ஏறுவதில் இருக்கிறது. இவை சரியாக இருந்தால், ஒரு நாள் இரவு மைனஸ் டெர்மினலை மட்டும் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் பேட்டரி உள்ளேயே கெட்டிருக்கிறது. கழற்றி வைத்த இரவில் மட்டும் தெம்பாக இருந்தால், வண்டியில் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது.

இதற்கு நடுவே, நம் பக்கத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். கயிறு, நார் ஆலைகளுக்குப் போய்வரும் வண்டிகளில் நார்த்தூள் பேட்டரியின் தலையில் படிந்து, ஆனி ஆடிச் சாரலில் ஈரம் ஏறி, கசிந்த ஆசிட்டோடு சேர்ந்து இரண்டு டெர்மினல்களுக்கும் இடையே மெல்லிய பாதை போட்டுவிடும். மீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்து, சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேல் ஓட்டிப் பாருங்கள்; அங்கே வோல்ட் காட்டினால் கசிவு உண்டு. டெர்மினல்களைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரால், அந்த நீர் மூடித் துளைகளுக்குள் இறங்காதபடி துடைத்து உலர்த்தினால் அது போய்விடும்.

இனி உண்மையான அளவு. வண்டியை நீங்கள் இரவில் எப்படி நிறுத்துவீர்களோ அப்படியே நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கதவு விளக்கு எரியாமல் இருக்கக் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி வையுங்கள். வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்க மறக்கக் கூடாது. மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகையும் 10 ஆம்பியருக்குத் திருப்பி, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை மாட்ட வேண்டும். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவியைப் போடவோ செல்ப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு உடனே திருப்பி மாட்டுங்கள்; ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டுப் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட். மோதிரமும் கைச்சங்கிலியும் இந்த வேலையில் கழற்றி வைக்கப்பட வேண்டியவை.

மாட்டியவுடன் தெரியும் அளவை நம்பக் கூடாது. இன்றைய வண்டிகளில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டிகள் அடங்கித் தூங்கப் போக அரை மணி நேரம் கூட ஆகும். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 80 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர்தான். என் வண்டியில் அரை மணி கழித்தும் 1.8 ஆம்பியர் காட்டியது. ஓர் இரவின் 10 மணி நேரத்துக்கு அது 18 ஆம்பியர் ஹவர். சனிக்கிழமை மாலை நிறுத்தித் திங்கள் விடியலில் எடுத்தால் 36 மணி நேரம், ஏறக்குறைய 65 ஆம்பியர் ஹவர். ஞாயிறு லோடு இல்லாத வாரங்களில் திங்கட்கிழமைதோறும் வண்டி படுத்துக்கொண்டதன் காரணம் அந்தக் கணக்கில் விளங்கிவிட்டது.

எந்த வழியாகப் போகிறது என்று தேட, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரில் அளவு எப்போது விழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. பிடுங்கியதைத் திரும்பச் செருகினால் தூங்கிய பெட்டி விழித்துக்கொண்டு அளவைக் குழப்பும் என்பதால், கண்டுபிடிக்கும் வரை வெளியிலேயே வைத்திருக்க வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்த முறை வேறு. பேட்டரி கேபிளை ஒழுங்காக மாட்டி, கம்ப்யூட்டர் பெட்டிகள் அடங்கக் காத்திருந்து, மீட்டரை மில்லிவோல்ட்டுக்குத் திருப்பி, ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகளைத் தொட்டால், சுழி காட்டும் பியூஸில் கரண்ட் ஓடவில்லை, சிறிதேனும் எண் காட்டும் பியூஸில் ஓடுகிறது. எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

கம்பெனி ஒயரிங்கைவிட, பின்னால் நாம் மாட்டிக்கொண்டவற்றில்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். பின்னால் சேர்த்த ரிலேயின் (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் அது இரவெல்லாம் கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும். நின்ற வண்டியில் ரிலே சூடாக இருந்தால் அதுவே அடையாளம். மியூசிக் சிஸ்டத்தில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் நேர் கரண்டுக்கும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வரும் சாவிக் கரண்டுக்கும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கி நேர் கரண்டில் கொடுத்துவிட்டால் சாவியை எடுத்தாலும் செட் முழுதாக அணையாது. லோடு பாடியில் போட்ட விளக்கு, ஜிபிஎஸ், கேமரா ஆகியவற்றைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்திருந்தால் அவை பியூஸ் பெட்டிக்குள் வரவே வராது. அந்த ஒயர்களை டெர்மினலிலிருந்தே கைப்பிடித்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் எல்லாப் பியூஸையும் பிடுங்கிய பிறகும் 1.8 குறையவில்லை. பேட்டரியிலிருந்து செல்ப் மோட்டாருக்கும், ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கும் (பட்டறைகளில் டைனமோ என்பது இதைத்தான்) போகும் தடித்த கேபிள்கள் அந்தப் பெட்டியைத் தொடாமல் போகின்றன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஊரில் நெடுங்காலம் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான், "டைனமோவைத் தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியில் எஞ்சின் சில்லென்று இருக்க, டைனமோவின் பின்பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு தேய்ந்தால் குழாயில் நின்ற தண்ணீர் இரவில் கிணற்றுக்கே இறங்கிவிடுவதை நாம் அறிவோம். டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகள் அந்த வால்வு வேலையைத்தான் செய்கின்றன. கரண்டைப் பேட்டரிக்கு விடும், திரும்பி வர விடாது. அவை கெட்டால் பேட்டரி டைனமோ வழியாகவே வடிந்துவிடும். இதை உறுதிசெய்ய, மைனஸைக் கழற்றிய பிறகே டைனமோவின் தடித்த கேபிள் நட்டைக் கழற்றி, கேபிள் முனையைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுகச் சுற்றி, மீண்டும் மீட்டரோடு அளந்தேன். 0.03 ஆம்பியர் காட்டியது. டயோடு பிளேட் மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது.

ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதைப் பல பட்டறைகளில் இன்றும் காணலாம். அந்த நொடியில் வோல்ட் தாறுமாறாக எகிறி, டயோடுகளையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் பழுதாக்கிவிடும். மீட்டரை வைத்து வோல்ட்டைப் பார்த்தாலே போதும், யாரையும் உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரியை வண்டியிலிருந்து துண்டித்து வைக்கும் கட்டாஃப் சுவிட்ச் போடுவதும் வாரக் கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் பொருந்தும். தினமும் ஓடும் வண்டியில் அது கோளாறை மூடி வைப்பதே.

பழுது நீங்கியதும் மறுபடி அரை மணி காத்திருந்து அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி பானட்டின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யாராவது புதிதாக ஒரு விளக்கோ ஹாரனோ மாட்டிக் கொடுத்தால், பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணோடு ஒப்பிட்டு அளந்துவிடலாம்.