ஐடிலில் குலுங்கிய எஞ்சின்: இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு

வண்டி நிற்கும்போது, அதாவது ஐடிலில், எஞ்சின் குலுங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் தொல்லை அதிகம். செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை. இதைப் பார்த்ததும் எக்சாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அவசரப்படாதீர்கள், சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

நான் பார்த்தது ஃபியூயல் ட்ரிம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். ஐடிலில் கூட்டல் 22 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் 4க்கு இறங்கியது. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சர் உள்ள எஞ்சினில் இது நல்ல துப்பு. ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் பகுதிக்குள், வெற்றிடம் அதிகம், உள்ளே போகும் காற்றோ குறைவு. சென்சர் அளக்காத காற்று சின்ன ஓட்டை வழியாக நுழைந்தாலே கலவை கெட்டுவிடும். வேகம் கூடினால் மொத்தக் காற்றில் அது கொஞ்சம்தான். பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் நேர்மாறாக, லோடு ஏறும்போதுதான் ட்ரிம் ஏறும்.

அப்புறம் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பது பழைய வழி. சூடான எக்சாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும், எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இன்டேக்கில் குறைந்த அழுத்தத்தில் புகை ஏற்றினேன். எஞ்சினின் உள்வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி குழாய் நன்றாக இருந்தது. கடைசி சிலிண்டரின் போர்ட்டுக்குக் கீழே மெல்லிய நூலாகப் புகை வந்தது. கழற்றினால், இணைப்பை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் அந்த இடத்தில் மட்டும் இறுகித் தட்டையாகியிருந்தது.

மேனிஃபோல்டு முகத்தில் நேர்சட்டம் வைத்து, வளைவில்லை என்று உறுதி செய்த பிறகே புது கேஸ்கெட் போட்டேன். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கினேன். பிழையை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது ஐடில் ட்ரிம் 3ல் நின்றது.