மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உங்கள் வீட்டுப் பிள்ளை ‘சுகர்ஸ்’ எனும் மலிவான ஹெராயின் கலவைப் பழக்கத்தில் சிக்கியிருந்தால், பதற்றத்தில் முதலில் கண்ட இல்லத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டப்படி அது பதிவு பெற்றதா? சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

நச்சு நீக்கம், அதாவது உடலிலிருந்து போதைப்பொருளை வெளியேற்றுவது, முதல் படி மட்டுமே. மதுப் பழக்கம் என்றால், நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், பிதற்றல், இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். அதனால் அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சிகிச்சைக்கு வர மறுக்கிறாரா? சமூகப் பணியாளரோ நெருங்கிய உறவினரோ கட்டாயச் சிகிச்சை கேட்டு அரசு வழக்கறிஞரிடம் சத்தியவாக்குமூலம் கொடுக்கலாம், முடிவு மாஜிஸ்திரேட்டுடையது.

சேர்த்த பிறகு குடும்பம்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. காவடிக்கு, கல்யாணத்துக்கு என்று பாதியில் அழைத்து வராதீர்கள். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். குடும்ப ஆலோசனைக்கு அம்மா மட்டும் போனால் போதாது, அப்பாவும் போக வேண்டும்.

மிக ஆபத்தான காலம், வீடு திரும்பிய முதல் சில வாரங்கள். ஹெராயினைத் தாங்கும் சக்தி உடலில் குறைந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். தொடர் சிகிச்சைக்கான முதல் தேதியை வெளியே வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.