அடிப்பவரும் தடுப்பவரும் ஜோடி சேர்ந்தால்: டபுள்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலை மாடியில் ஒரு டேபிள் டென்னிஸ் (டிடி) போர்டு இருக்கிறது. ஆள் அதிகம், போர்டு ஒன்றுதான் என்பதால் சாயங்காலம் ஆனால் எப்போதும் டபுள்ஸ்தான். வந்த வரிசையில் ஜோடி அமையும். அப்படித்தான் ஒரு அண்ணன் எனக்கு ஜோடியானார். நான் கொஞ்சம் தள்ளி நின்று டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு, அடிப்பவன். அவர் பேட்டின் பேக்ஹேண்ட் பக்கத்தில் நீள பிம்பிள் (நீண்ட குமிழ்கள் உள்ள) ரப்பர் ஒட்டி, போர்டை உரசிக்கொண்டு நின்று தடுப்பவர். முதல் மாதம் முழுக்கத் தோற்றோம். ரப்பரை மாற்றச் சொல்லி அவரை நச்சரித்தேன். ஒருநாள் அவர் பொறுமையாகக் கேட்டார்: "தம்பி, நீ அடிக்கிற அடி திரும்பி யாருக்கு வருது? எனக்குத்தானே?"

பெரிய தவறு அதுதான். டபுள்ஸில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும். நான் முழு பலத்தோடு அடித்த பந்தை எதிராளி பிளாக் செய்துவிட்டால், அது அதே வேகத்தில் அண்ணனிடம் வரும். அடித்த இடத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன். அவருக்கு வழியும் இருக்காது, நேரமும் இருக்காது. பந்து நன்றாக மேலே எழும்பினால் ஒழிய ஸ்மாஷ் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, சுழற்சியைக் கூட்டி, போர்டின் கடைசி வரை போகிற மாதிரி அடித்தால் போதும். எதிராளியின் பிளாக்கில் அந்தச் சுழற்சி கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வரும். நீள பிம்பிளில் பட்டதும் அது பேக்ஸ்பின்னாக, அதாவது பின்னோக்கிய சுழற்சியாகத் திரும்பிப் போகும். எதிராளி அதைத் தள்ளுவார், அல்லது சிரமப்பட்டுத் தூக்குவார். அடுத்த பந்து எனக்கு, அதுவும் எனக்குப் பிடித்த பந்து! இதைப் புரிந்துகொண்ட பிறகு ரப்பர் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

2021-இல் புடாபெஸ்டில் நடந்த டபிள்யூடிடி (வேர்ல்ட் டேபிள் டென்னிஸ்) கன்டெண்டர் போட்டியில் கலப்பு இரட்டையர் பட்டம் வென்ற சத்தியன், மனிகா பத்ரா ஜோடியைப் பாருங்கள். நம் சென்னை சத்தியன் போர்டை ஒட்டி இரண்டு பக்கமும் வேகமாக அடிப்பவர். மனிகா பேக்ஹேண்டில் நீள பிம்பிள் வைத்து எதிராளியின் தாளத்தைக் கெடுப்பவர். ஜோடியைத் தன்னைப் போல ஆடச் சொல்வது வீண் வேலை.

சர்வில் நான் செய்த தவறு இன்னும் நுட்பமானது. எனக்கு நன்றாக வருகிறது என்று கனமான பேக்ஸ்பின் சர்வே போட்டுக்கொண்டிருந்தேன். எதிராளி அதைத் தள்ளுவார். பேக்ஸ்பின்னோடு வரும் அந்தப் பந்தை அண்ணன் பிம்பிளால் தொட்டால், உயிரில்லாமல் மிதந்து போகும். அவ்வளவுதான், அடி வாங்குவோம். இப்போது நான் சுழற்சி இல்லாத சர்வோ, பக்கச் சுழற்சியோடு நீளமான சர்வோ போடுகிறேன். எதிராளி அடிக்கத் துணிந்தால் அண்ணனுக்குக் கொண்டாட்டம். அவர் சர்வ் போடும்போது கணக்கு வேறு: வழவழப்பான பக்கத்தால் குட்டையாக, கனமான பேக்ஸ்பின், முடிந்தவரை நடுக்கோட்டை ஒட்டி. பிம்பிளால் போட்டால் சுழற்சியே ஏறாது. எது போடப்போகிறோம் என்று போர்டுக்கு அடியில் விரல் காட்டிவிட வேண்டும்.

அப்புறம், டாஸ் ஜெயித்ததும் பாய்ந்து சர்வ் கேட்பது. டபுள்ஸில் பெரும்பாலும் ரிசீவ் எடுப்பதே மேல் என்பேன். எதிர் ஜோடி யார் சர்வ் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ரிசீவர் யார் என்று நாம் சொல்லலாம். யார் பந்து யாருக்கு வரும் என்ற வரிசை அந்த கேம் முழுக்க மாறாது. ஓங்கி டாப்ஸ்பின் அடிப்பவரின் பந்து அண்ணனுக்கும், தள்ளி ஆடுபவரின் பந்து எனக்கும் வரும்படி பார்த்துக்கொள்வோம். அடுத்த கேமில் வரிசை தலைகீழாகும். அப்போது நான் அவசரப்படாமல் ஆட வேண்டும். கடைசி கேமில் ஒரு ஜோடி 5 பாயிண்ட் எட்டியதும், அடுத்து ரிசீவ் செய்ய வேண்டிய ஜோடி தன் வரிசையை மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு நடுவில் சண்டை போடுகிறவர்கள் எங்கள் மாடியில் உண்டு.

நகர்வில் ஒரே ஒரு விஷயம். இருவரும் பின்னால் ஓடினால் மோதிக்கொள்வோம். அண்ணன் தொட்டதும் பக்கவாட்டில் ஒதுங்குவார், நான் முன்னும் பின்னுமாகப் போய் வருவேன்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தித்தான் ஆட வேண்டும். 2.7 கிராம் பந்துதானே. அந்தப் புழுக்கத்தில் பாயிண்ட் போனதும் ஜோடியை முறைக்கத் தோன்றும். முறைக்காதீர்கள். அவர் விட்ட பந்து எங்கிருந்து வந்தது என்று ஒரு அடி பின்னால் போய்ப் பாருங்கள். என் விஷயத்தில் பாதி நேரம் அது நான் அடித்த அவசர ஸ்மாஷுக்கு வந்த பதிலாகத்தான் இருந்தது.