ட்ரா கையை வைத்துக்கொண்டு சும்மா கால் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்

போக்கரில் நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத ஆட்டம்) கேஷ் டேபிளில் புதிதாக உட்காருகிறவர்கள் ட்ரா கையை (இன்னும் முழுமையாகாமல், ஒரு நல்ல சீட்டு விழுவதற்காகக் காத்திருக்கும் கையை) ஆடும் விதம் அநேகமாக ஒன்றுதான்: ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) கால், அதாவது எதிராளி வைத்ததற்குச் சமமாகப் போடுவது, டர்னில் (நான்காவது சீட்டு) கால், ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) சீட்டு விழுந்தால் திடீரென்று ஒரு பெரிய பெட் (பந்தயம்), விழாவிட்டால் ஃபோல்ட் (கையை மடக்குவது). எதிரே இருப்பவர் கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததும் கையை மடக்கிவிடுவார், விழாதபோது உங்களிடமிருந்து வாங்க வேண்டியதை ஏற்கனவே வாங்கியிருப்பார்.

முதலில் எது வலுவான ட்ரா என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெறும் ஃப்ளஷ் ட்ரா (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்று வேண்டும்) என்றால் உங்களைக் காப்பாற்றும் சீட்டு 9, ஃப்ளாப்பிலிருந்து ரிவருக்குள் அது விழ 35 சதவீத வாய்ப்பு. இருபக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் ட்ராவுக்கு (வரிசையாக நான்கு சீட்டு இருந்து, ஐந்தாவது எந்த முனையிலும் சேரலாம்) 8 சீட்டு, 31 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து வந்தால் 15 சீட்டு, 54 சதவீதம். மேசையில் உட்கார்ந்து சட்டென்று கணக்குப் போட, ஃப்ளாப்பில் சீட்டு எண்ணிக்கையை 4ஆல் பெருக்குங்கள், டர்னில் 2ஆல். ஆனால் 15 சீட்டு மாதிரிப் பெரிய ட்ராவுக்கு அந்த 4 கொஞ்சம் மிகையாகவே காட்டும், 60 என்று சொல்லும், நம்பிவிடாதீர்கள்.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். (2025இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கருக்குத் தடை, அதனால் கசினோ மேசையை வைத்து டாலரிலேயே சொல்கிறேன்.) 1/2 டேபிள் (சீட்டு போடுமுன் இருவர் வைக்கும் கட்டாயப் பந்தயம் 1, 2 டாலர்), இருவரிடமும் 200 டாலர். முன்னால் இருப்பவர் 10க்கு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), நீங்கள் பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் இடம்) ஹார்ட்டின் 9, 8 வைத்துக்கொண்டு கால் போடுகிறீர்கள், மற்றவர்கள் விலகிவிட்டார்கள், பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், இப்போது 23. ஃப்ளாப்பில் ஹார்ட்டின் 7, கிளாவர் 6, ஹார்ட்டின் 2. அவர் 15 பெட் வைக்கிறார்.

இங்கே 50க்கு ரெய்ஸ் செய்யுங்கள். பாட்-இல் இருக்கும் 38ஐப் பிடிக்க 50ஐ வைக்கிறீர்கள், கையில் எதுவுமே இல்லாத சுத்த ப்ளஃப் என்றால் நூற்றுக்கு 57 தடவை அவர் மடங்கினால்தான் கட்டுப்படியாகும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, ஏனென்றால் அவர் கால் போட்டாலும் நீங்கள் ஜெயிக்க நிறையச் சீட்டு மிச்சம் இருக்கிறது.

சரி, ரெய்ஸ் செய்ததும் அவர் ஆல்-இன் (கையிலிருக்கும் மொத்தத்தையும்) தள்ளினால்? இந்தக் கேள்விக்கு விடை காசை நகர்த்துவதற்கு முன்பே உங்களிடம் இருக்க வேண்டும், பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இன்னும் 140 போட வேண்டும், போட்டால் மொத்தப் பாட் 403, ஆகவே 35 சதவீதம் ஜெயித்தால் போதும். அவரிடம் ஹார்ட்டின் இல்லாத ஜோடி ஏஸ் இருந்தால் உங்கள் வாய்ப்பு பாதிக்கும் மேல், மூன்று 7 வைத்திருந்தால்கூட 40ஐ ஒட்டி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கால் போடலாம். அதே இடத்தில் உங்களிடம் வெறும் ஃப்ளஷ் ட்ரா மட்டும் என்றால் ஜோடி ஏஸுக்கு எதிராக விளிம்பில் நிற்பீர்கள், மூன்று 7க்கு எதிராக நஷ்டம், ரெய்ஸ் செய்துவிட்டு மடக்கினால் 50ம் போச்சு. அந்த மாதிரிக் கையை இந்த அளவு ஸ்டாக்கில் (முன்னால் இருக்கும் பணத்தில்) பெரும்பாலும் கால் போட்டே ஆடுங்கள்.

அவர் தள்ளாமல் 50க்கு வெறும் கால் போட்டால், பாட் 123, ஆளுக்கு 140 மிச்சம். டர்னில் இஸ்பேடு ராஜா, உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாத சீட்டு. அவர் செக், அதாவது பந்தயம் வைக்காமல் விடுகிறார். உங்கள் 54 இப்போது 33ஆக இறங்கிவிட்டது. மொத்தத்தையும் தள்ளி அவர் ஒவ்வொரு தடவையும் கால் போட்டாலும் சராசரி நஷ்டம் 9 டாலர்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் நீங்களும் செக் செய்தால் ரிவர் சீட்டை இலவசமாகப் பார்க்கலாம், அதற்கே 40 டாலர் மதிப்பு, விழுந்தபின் கிடைப்பது தனி. ஆகவே பாதிக்குப் பாதி மடங்குவார் என்று தோன்றும் ஆளிடம் தள்ளுங்கள், ஜோடியைக் கையில் பிடித்தால் விடவே மாட்டேன் என்கிற ஆளிடம் இலவசச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டனில் உட்கார்ந்திருப்பதன் லாபம் இதுதான், முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை.

டர்னில் அவரே பெட் வைத்தால் கணக்கு வேறு. பாட் 60, அவர் 30 வைக்கிறார், உங்களிடம் ஃப்ளஷ் ட்ரா மட்டும் என்று வையுங்கள். கால் போட 25 சதவீதம் வேண்டும், இருப்பதோ 20க்கும் கீழே. விழுந்த பிறகு ரிவரில் சராசரியாக 33 டாலராவது அவரிடமிருந்து வாங்க முடியும் என்றால் மட்டும் கால். ஸ்ட்ரெய்ட் விழுந்தால் பாதிப் பேர் கவனிப்பதில்லை, மூன்று ஹார்ட்டின் விழுந்தாலோ சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று நான்கு பேர் ஃப்ளாப்புக்கு வந்திருந்தால் ப்ளஃப் ரெய்ஸை மறந்துவிடுங்கள், எல்லோரும் மடங்குவது அபூர்வம். இன்னொருவரிடம் ஹார்ட்டின் ஏஸ் இருக்கும் ஆபத்தும் கூடும், அப்போது உங்கள் 9-8 ஃப்ளஷ் விழுவதே வினை. அதிலும் ஆளுக்கு 400, 500 இருக்கும் டேபிளில் சின்ன ஃப்ளஷ்ஷை நம்பி மொத்தத்தையும் வைப்பது வேண்டாத வேலை. அங்கே ஏஸோடு வரும் ட்ராவுக்குத்தான் மரியாதை.

விழுந்துவிட்டால் பதுங்க வேண்டாம், பெரிதாகப் பெட் வையுங்கள். ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் செய்து பாட்டை வளர்த்ததன் பலன் இப்போது கைக்கு வரும்.

விழாமல் போனால் ரிவரில் ப்ளஃப் செய்யத் தோன்றும், கையில் வேறு எதுவும் இல்லையே. கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு ஹார்ட்டின் உங்களிடமே இருக்கிறது என்றால், தவறிப்போன ஃப்ளஷ் ட்ரா அவரிடம் இருக்கும் வாய்ப்பு குறைவு, அதாவது சுலபமாக மடங்கக்கூடிய கைகளை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஸ்ட்ரெய்ட் மட்டும் தவறிய கையில், ஹார்ட்டின் ஒன்றுகூட இல்லாதபோது, அதே ப்ளஃப் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், ஆல்-இன் ஆனதும் சில மேசைகளில் மிச்சச் சீட்டை இரண்டு தடவை போடலாமா என்று கேட்பார்கள். சராசரி வரவில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது, ஏற்ற இறக்கம் மட்டும் குறையும். கையில் இருக்கும் காசுக்கு அந்த டேபிள் கொஞ்சம் பெரிதாகப் பட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள்.