வரைய உட்காரும் முன் வரும் தயக்கம்: இன்றே செய்து பார்க்க ஒரு பயிற்சி

நல்ல தடித்த தாள் கொண்ட ஓவிய நோட்டு ஒன்றை ஆசையாக வாங்கி, பதினோரு மாதம் பீரோவில் வைத்திருந்தேன். ஒரு கோடுகூட அதில் போடவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மாதங்களில் பென்சில்களை நுனி பிசகாமல் சீவினேன், மேசையை ஒழுங்குபடுத்தினேன், வரைவது எப்படி என்று மணிக்கணக்காகக் காணொளிகள் பார்த்தேன். சோம்பேறி இத்தனை வேலை செய்யமாட்டான். என்னைத் தடுத்தது பயம். முதல் பக்கம் அசிங்கமாகிவிட்டால், எனக்கு வரைய வராது என்று உறுதியாகிவிடுமே என்ற பயம்.

உங்களிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். முன்பின் வரைந்த பழக்கம் தேவையில்லை. பதினைந்து நிமிடம் போதும்.

படி 1: அந்த நல்ல நோட்டைத் தொடாதீர்கள்

ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் வெறுமையாக இருக்கும் தாள்கள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பில், பிள்ளைகளின் தேர்வுத்தாள், எதுவும் சரி. பென்சிலும் ரப்பரும் வேண்டாம், பால்பாயிண்ட் பேனா போதும். ரப்பர் கையில் இருந்தால் போட்ட கோட்டை அழித்துக்கொண்டே இருப்போம். பேனாவில் அந்த வழி இல்லாததால் கை தானாக அடுத்த கோட்டுக்குப் போய்விடும்.

படி 2: எப்போது, எதை என்பதை முந்தைய இரவே முடிவுசெய்யுங்கள்

'நாளை வரைய வேண்டும்' என்ற முடிவு காலை பத்து மணிக்குள் கரைந்துவிடும். 'காலையில் காபி குடித்து முடித்ததும், அதே டம்ளரை அதே இடத்தில் உட்கார்ந்து வரைவேன்' என்று சொல்லிப் பாருங்கள். இது நிற்கும். 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று ஒரு குறிப்பிட்ட தருணத்தோடு முடிச்சுப்போடும் இந்த முறையை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வேளை வந்ததும் மறுபடி யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம். தயக்கம் நுழைவதே அந்த யோசிக்கும் நேரத்தில்தான்.

தாளையும் பேனாவையும் இரவே அங்கே வைத்துவிடுங்கள்.

படி 3: முதல் கோடு

தாளின் மேலே நடுவில் ஒரு பிள்ளையார் சுழி போடுங்கள். கணக்கு நோட்டு, கல்யாணப் பட்டியல் எல்லாவற்றிலும் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததுதான். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் தேதியைப் போடலாம். அந்த 'உ' விழுந்ததும் தாள் வெற்றுத்தாளாக இல்லை, நீங்களும் ஆரம்பிக்காதவராக இல்லை.

அப்புறம், மனம் என்ன சொல்கிறதோ அதை ஓரத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். 'இதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்' என்று நான் எழுதினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது பெரிதாகத் தெரிந்தது, தாளில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

படி 4: தாளைப் பார்க்காமல் வரையுங்கள்

இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மட்டும் செய்து பாருங்கள். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் பள்ளியில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கலாய்டிஸ், 1938-ல் மறைந்தவர், மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே கொடுத்த பயிற்சி இது.

டம்ளரை எதிரே வையுங்கள். அதன் விளிம்பில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டு, அது டம்ளரின் விளிம்பையே தொட்டுக்கொண்டிருப்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். இப்போது பார்வையை எறும்பு ஊர்வதுபோல் விளிம்பின்மேல் நகர்த்துங்கள். கண் நகரும் அளவுக்கே கையும் நகர வேண்டும். கண் நின்றால் கையும் நிற்கட்டும். தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. கை தாளுக்கு வெளியே போய்விடுமோ என்று பதறினால், மேலே ஒரு துண்டை மூடி அதற்கு அடியில் வரையுங்கள். ஐந்து நிமிடம், மெதுவாக.

இரண்டாவது நிமிடத்தில் ஒரு மாற்றம் தெரியும். மடித்த வாய் விளிம்பு, பக்கத்தில் விழுந்த சின்ன நசுங்கல், அதில் வளைந்து தெரியும் ஜன்னல். தினமும் கையில் எடுக்கும் டம்ளரை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்கும் குரலுக்கு அங்கே வேலையே இல்லை. அதற்குக் குறை சொல்ல ஒரு படம் தேவை. படம்தான் கண்ணில் படவில்லையே!

நேரம் முடிந்ததும் தாளைப் பாருங்கள். கோணல்மாணலாகத்தான் இருக்கும், வாய் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். எல்லோருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் ஏதோ ஒரு இடத்தில், அநேகமாக விளிம்பு வளைகிற இடத்தில், ஒரு கோடு உயிரோடு இருக்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

படி 5: ஆசை தீருமுன் நிறுத்துங்கள்

இன்னும் ஒன்று வரையலாம் என்று தோன்றும்போதே பேனாவை மூடுங்கள். நாளைக்கு உட்கார அந்த மிச்சம்தான் இழுத்துவரும். நாளை எதை வரைவது என்பதையும் இப்போதே முடிவுசெய்து தாளின் கீழே எழுதுங்கள்: சாவிக்கொத்து, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு, உங்கள் இடது கை. இடது கையைக் கட்டாயம் ஒருநாள் வரையுங்கள், அதன் மடிப்புகள் தீரவே தீராது.

முதல் இரண்டு வாரம் எதையும் கிழிக்க வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டாம். ஒருவர் 'சூப்பர்' என்று சொன்னால்கூட, மறுநாள் அவருக்காக வரைய ஆரம்பித்துவிடுவோம். பழைய பயம் திரும்பிவிடும். தாள்களைத் தேதி வரிசையில் ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள்.

இடையில் ஒருநாள் விட்டுப்போனால் ஈடுகட்ட இரண்டு வரையாதீர்கள். ஒன்றே போதும்.

கிளிப்பில் இருபது தாள் சேர்ந்ததும் பீரோவைத் திறந்து அந்த நல்ல நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் எங்காவது பிரித்து, அங்கே ஒரு 'உ' போடுங்கள். என் நோட்டில் முதல் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு டபரா டம்ளர் இருக்கிறது.