பல் பிளீச்சிங் செய்யப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் எனக்குப் பல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் பிளீச்சிங் செய்துகொண்டேன். எல்லாப் பல்லும் வெளுத்தது, முன்பல்லின் மேல் உறை மாதிரி மாட்டியிருந்த பழைய கேப் மட்டும் பழைய மஞ்சளிலேயே நின்றது. ஆல்பத்தைத் திறந்தால் இன்றும் அந்த ஒரு பல்தான் முதலில் கண்ணில் படுகிறது. பிளீச்சிங் ஜெல் சொந்தப் பல்லை மட்டும்தான் வெளுக்கும். கேப்பையும் அடைத்த இடத்தையும் அது ஒன்றும் செய்யாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படி 1: கறை எங்கே இருக்கிறது?

காபி, டீ, வெற்றிலை, சிகரெட் கறை என்றால் பெரும்பாலும் பல்லின் மேலேதான் இருக்கும். பலருக்கு வெறும் கிளீனிங்கே போதும். கண்ணாடியில் பார்த்து "அட, இவ்வளவுதானா" என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

வயது ஏற ஏற எனாமல் மெலிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் வெளியே தெரியும். பிளீச்சிங்குக்கு நன்றாக மசிவது இந்த மஞ்சள்தான். சின்ன வயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு விழும் சாம்பல் பட்டை லேசில் போகாது, மாதக்கணக்கில் மெனக்கெட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு கூடிய தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருக்கும். பிளீச் செய்த புதிதில் அந்த வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியலாம். முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருக்கிறதா? எப்போதோ அடிபட்டு நரம்பு செத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் ஜெல் பக்கமே போகாதீர்கள்.

படி 2: ஓட்டையை அடையுங்கள்

சொத்தை, ஈறு வீக்கம், பல் விரிசல் எதுவானாலும் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஜெல் உள்ளே இறங்கி வலியில் உயிர் போகும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் அம்மாக்கள் தள்ளிப் போடுவது நல்லது.

முன்பல்லில் புதுக் கேப்போ, பல் நிறத்தில் அடைப்போ போட வேண்டுமென்றால் பிளீச்சிங் முடிந்து குறைந்தது 2 வாரம் கழித்துப் போடுங்கள். நிறம் அதற்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும். பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜனும் வெளியேறிவிடும். அது இருக்கும்வரை ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காது.

படி 3: கிளினிக்கா, வீட்டு டிரேயா?

இரண்டிலும் வேலை செய்வது பெராக்சைடுதான். பல்லைச் சுரண்டுவதில்லை. எனாமல் வழியாக உள்ளே போய் நிறப் பொருளை உடைக்கிறது. கிளினிக்கில் சுமார் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஒரே நாளில் வேலை முடியும். வீட்டில் பல்லில் மாட்டிக்கொள்ளும் டிரேயில் பெரும்பாலும் 10 முதல் 16 சதவீத கார்பமைடு பெராக்சைடு. அதில் 10 சதவீதம் என்பது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். உங்கள் பல்லுக்கு அளவெடுத்த டிரேயில் சொட்டுச் சொட்டாக வைத்து, இரண்டு வாரம் போல தினமும் போட வேண்டும். நேரம் இருந்தால் நான் டிரேயைத்தான் சொல்வேன், கூச்சம் குறைவு. கிளினிக்கில் ஜெல் மேல் காட்டும் நீல விளக்குக்கென்று தனியாகக் காசு கேட்டால் யோசியுங்கள்.

எலுமிச்சையும் உப்பும் தேய்க்கும் வீடியோக்களை மறந்துவிடுங்கள். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

படி 4: அன்றைக்கு

பல் வடிவத்தில் சின்னச் சின்ன மாதிரிகள் கோத்த பட்டை ஒன்றை உங்கள் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஏ3, பி1 என்று அதில் எண் இருக்கும். என்ன எண் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், போனில் போட்டோவும் எடுங்கள்.

உதட்டை விரித்து, ஈறின் மேல் பசை தடவி, விளக்கு காட்டி இறுக வைப்பார்கள். பிறகு ஜெல். வழக்கமாக 15 நிமிடம் வைத்துத் துடைத்து, இப்படி இரண்டு மூன்று முறை. ஈறு எரிந்தாலோ பல்லில் சுரீரென்று இழுத்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், உடனே கையைத் தூக்குங்கள்.

படி 5: அடுத்த 48 மணி நேரம்

தயிர்சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி, பால். சாம்பார், மஞ்சள் போட்ட குழம்பு, பீட்ரூட், காபி எல்லாம் விலக்கு. ஐஸ் தண்ணீரும் வேண்டாம், கூசும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்ச பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்பிருந்தே தேய்த்து வந்தால் கூச்சம் குறையும். அது பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அன்று கண்ணாடியில் தெரியும் வெளுப்பை நம்பிவிட வேண்டாம். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல் உலர்ந்து கூடுதலாக வெளுத்துத் தெரியும். ஒரு வாரத்தில் கொஞ்சம் இறங்கும். அதனால் கல்யாணம் என்றால் ஒன்றரை மாதம் முன்பே ஆரம்பியுங்கள், கேப் மாற்ற வேண்டியவர்கள் இன்னும் முன்னால்.

என் கேப்பை மாற்றியது கல்யாணமாகி மூன்றாம் மாதம். பிளீச்சிங் முடிந்ததும் அன்று குறித்த எண் பி1. டாக்டர் அந்த மாதிரியைப் பல்லோடு வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதைவிட ஒரு படி மங்கலான ஏ1-ஐ எடுத்தார். அதுதான் பொருந்தியது.